வொக்ஸ்வாகன் எஞ்சின் சூடாவதற்கு வன்னி வெயில் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றால் குளிரும் எஞ்சின் வன்னி வெயிலுக்குச் சரிவராது என்ற பேச்சு, பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. வவுனியாவில் புறப்பட்ட கார் மாங்குளத்துக்கு வருமுன்னே ஒயில் மணக்கத் தொடங்குகிறது. கிளிநொச்சியை நெருங்கும்போது இழுவை குறைகிறது. பரந்தனில் நிறுத்தினால் மறுபடி ஸ்ராட் ஆக மறுக்கிறது. உடனே பழி வெயிலின் தலையில் விழுகிறது. அது பிழையான தீர்ப்பு. அந்தத் தீர்ப்பால் நல்ல எஞ்சின்கள் வீணாகின்றன என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கொட்டிலில் கிடந்த பழைய கார்களுக்கு மதிப்பு ஏறியது. அத்தோடு எஞ்சினைப் பெருப்பிக்கும் ஆசையும் வந்தது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பொதியில் பெரிய பிஸ்டன் செற், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் இரண்டு, குரோம் பூசிய தகரங்கள், சின்னப் புல்லி எல்லாம் வருகின்றன. 1300, 1600 எஞ்சின்கள் 1776 சீசீ ஆகின்றன. பூட்டும்போது, இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றி மூலையில் போடப்படுபவை எஞ்சினைச் சுற்றியிருந்த கறுப்புத் தகரங்கள். சூட்டுக்கு வித்து அந்த மூலையில்தான் விழுகிறது.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்ப்போம். காற்று எடுத்துச் செல்லும் வெப்பம், எஞ்சினுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சிலிண்டரை மூடும் தலைப்பகுதியான ஹெட் 180 பாகை செல்சியஸில் இருக்கிறது என்று வையுங்கள். காற்று 25 பாகை என்றால் வித்தியாசம் 155. வன்னியின் உச்சி வெயிலில் காற்று 37 பாகை என்றால் வித்தியாசம் 143. நூற்றுக்கு எட்டுப் பங்குதான் குறைகிறது. ஒழுங்காக இருக்கும் எஞ்சின் அதைத் தாங்கும். இதே கார் மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் 2003 ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. பிரேசிலிலும் பல ஆண்டுகள் செய்யப்பட்டது. அங்கெல்லாம் பனி கொட்டுவதில்லை. ஆனால் ஒரு பக்கத்துத் தகரம் இல்லாமற் போனால், அந்தப் பக்கத்துக் காற்றில் எவ்வளவு சிலிண்டரைத் தொடாமலே ஓடிவிடும் என்பதற்குக் கணக்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் பெரிதானால் சூடும் பெருகும் என்பது முழு உண்மையல்ல. அதே காரை அதே 70 கிலோமீற்றர் வேகத்தில் தள்ளுவதற்கு 1300க்கும் 1776க்கும் ஏறக்குறைய ஒரே வலுதான் வேண்டும். எரியும் பெற்றோல் பெரிதாக மாறாவிட்டால் வெப்பமும் பெரிதாக மாறாது. பெருப்பித்த எஞ்சின் அளவான ஓட்டத்திலும் கொதிக்கிறது என்றால், காற்று வழியோ, அமுக்கமோ, டைமிங்கோ (பிளக் பொறி விழும் நேரம்), பெற்றோல் கலவையோ எங்கோ பிசகியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்தே பிசகியிருக்கும்.

இந்தக் காரில் எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கிறது. காற்று போகும் பாதை இது. பின் கண்ணாடிக்குக் கீழேயுள்ள கீறல் துளைகளால் வெளிக்காற்று எஞ்சின் அறைக்குள் இறங்குகிறது. டைனமோவின் அச்சில் பூட்டிய விசிறி அதை இழுத்து, விசிறிக் கூட்டுக்குள் தள்ளுகிறது. கூட்டின் உள்ளேயுள்ள வளைந்த தகடுகள் காற்றை இரு பக்கமும் பங்கிடுகின்றன. காற்று மேலிருந்து கீழாக, சிலிண்டரினதும் ஹெட்டினதும் வரித்தகடுகளுக்கு இடையால் நுழைந்து, சூடேறிக் காரின் அடியால் வெளியேறுகிறது. மேலே குளிர், கீழே சூடு. இரண்டையும் பிரிக்கும் சுவர்தான் அந்தத் தகரங்களும், எஞ்சின் அறையைச் சுற்றி ஓடும் இறப்பர்ப் பட்டியும். சுவரில் ஓட்டை இருந்தால், வெளியேற்றிய சூட்டுக் காற்றையே விசிறி திரும்பக் குடிக்கும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. இரவில் எஞ்சின் ஆறியிருக்கும்போது காருக்கு அடியில் ஒரு டோர்ச் லைற்றை மேல்நோக்கி வைத்து, பின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் சூட்டுக் காற்று ஏறும். இந்தச் சோதனையை வாங்கப் போகும் காருக்கும் செய்யலாம், திருத்தி முடித்த காருக்கும் செய்யலாம்.

வெளிச்சம் தெரியும் இடங்கள் வழக்கமானவை. பிளக் வயர் தகரத்துக்குள் இறங்கும் நான்கு துளைகளிலும் இறப்பர் மூடி இருக்க வேண்டும். மலிவான வயர் செற்றுகளில் அது வருவதில்லை. எஞ்சின் அறை ஓரத்து இறப்பர்ப் பட்டி பெரும்பாலான கார்களில் காய்ந்து நொறுங்கியிருக்கும். புதிது கிடைக்காவிட்டால், சூடு தாங்கும் அடர்ந்த இறப்பர்ப் பட்டியைப் பிளந்து தகர ஓரத்தில் கொளுவலாம். பஞ்சு மெத்தைத் துண்டு வேண்டாம், அது ஒயிலைக் குடித்து நெருப்புக்கு வழிவைக்கும். குளிர்நாட்டுக் கார்களுக்கென, உள்ளே சூடேற்றுவதற்காக விசிறிக் கூட்டின் இரு பக்கமும் தடித்த குழாய் வாய்கள் இருக்கும். இங்கே அந்தச் சூடேற்றியைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், ஆனால் வாய்களை மூடுவதில்லை. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த இரண்டு வாயாலும் வீணாகிறது. ஒரு மில்லிமீற்றர்த் தகட்டில் வட்டம் வெட்டி, ஸ்குறூ போட்டு அடையுங்கள். அரை நாள் வேலை.

இரட்டைக் காபரேற்றர் பூட்டியவர்கள் கவனிக்க வேண்டியது பின்பக்கத் தகரம். காபரேற்றரிலிருந்து ஹெட்டுக்குக் கலவை கொண்டுபோகும் பழைய மனிபோல்டைச் சூடாக்கும் சின்னக் குழாய்கள் இரண்டும் அதன் துளைகளால் மேலே வந்தன. இப்போது குழாய் இல்லை, துளை மட்டும் இருக்கிறது. நேர் கீழே சைலன்சர். அங்கிருந்து எழும் அனல் நேராக விசிறியின் வாய்க்குப் போகும். நான்கு குழாய் ஒன்றாகச் சேரும் சைலன்சர் போடுவதற்காக அந்தத் தகரத்தையே வெட்டிவிடுபவர்களும் உண்டு. வெட்டியிருந்தால் குழாயைச் சுற்றி விரல் தடிப்புக்கு மேல் இடைவெளி இல்லாதபடி புதிய துண்டு வைத்து ஒட்டுங்கள். இன்னொரு பிழை, கலவையை உள்ளெடுக்க இரண்டு துளையுள்ள இரட்டைத் துளை ஹெட்டுக்கு ஒற்றைத் துளை ஹெட்டின் மேல்தகரத்தைப் போடுவது. இரண்டின் வெட்டும் வேறு. போட்டால் உட்காரும், ஆனால் உள்ளெடுக்கும் குழாயைச் சுற்றிப் பிளவு விடும்.

கண்ணுக்குத் தெரியாத தகரம்தான் மிக முக்கியமானது. சிலிண்டர் இரண்டுக்கும் நடுவே, கீழ்ப்பக்கமாக, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்ன வளைவுத் தகரம் உண்டு. மேலிருந்து வரும் காற்று நேராகக் கீழே விழுந்துவிடாமல், சிலிண்டரின் அடிவயிற்றைச் சுற்றிப் போக வைப்பது அதுதான். ஹெட் பூட்டுமுன் வைக்க வேண்டும். பிறகு நுழைப்பது பெரும்பாடு. அதனாலேயே எஞ்சின் கட்டும்போது அதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத சிலிண்டரின் மேற்பக்கம் குளிரும், கீழ்ப்பக்கம் வேகும், வட்டம் முட்டை வடிவாகும். ஒயில் குடிப்பு அதன் பிறகு தொடங்கும். புதிதாக எஞ்சின் கட்டிக் கொடுப்பவரிடம் இந்த இரண்டு தகரமும் உள்ளே இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

குரோம் பூசிய புதிய விசிறிக் கூடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பு இருக்கும், உள்ளே காற்றைப் பங்கிடும் தகடுகள் பலவற்றில் இருக்காது. வாங்குமுன் வாய்க்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் பெட்டி என்றால் வேண்டாம். பழைய கூட்டைத் துருநீக்கி மெல்லிய கறுப்புப் பூச்சுப் பூசுவது ஆயிரம் மடங்கு மேல்.

கூட்டின் அடியில் இரு பக்கமும் கதவுத் தகடுகள் உண்டு. 1, 2 ஆம் சிலிண்டர்களுக்குக் கீழேயுள்ள தேர்மோஸ்டாற் 65 முதல் 70 பாகை வரும்போது விரிந்து அவற்றைத் திறக்கும். இங்கே குளிரில்லையே என்று தேர்மோஸ்டாற்றோடு கதவுகளையும் கழற்றுகிறார்கள். தேர்மோஸ்டாற்றைக் கழற்றினால் பெரிய நட்டமில்லை, கதவுகளைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிட்டால் ஓடலாம். கதவுகளைக் கழற்றுவதுதான் கேடு. திறந்து நிற்கும்போது அவை காற்றை ஹெட்டுக்கும் ஒயில் கூலருக்கும் திருப்பிவிடும் கைகளாக வேலை செய்கின்றன. என் கருத்தில் தேர்மோஸ்டாற்றும் இருப்பதே நல்லது. மார்கழிக் காலையில் பக்கத்துச் சந்தைக்குப் போய்த் திரும்பும் கார், ஒயில் சூடேறாமலே நின்று நின்று தண்ணீர் கலந்த வெள்ளைக் கசட்டைச் சேர்க்கும். தேர்மோஸ்டாற் நல்லதா என்று பார்க்கச் சுடுதண்ணீரில் போடுங்கள். தண்ணீர் கொதிக்குமுன்னே அது நீள வேண்டும்.

விசிறி சுற்றாவிட்டால் மேற்சொன்ன எதுவும் பயன்படாது. பெல்ற்றை இரு புல்லிக்கும் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் 12 முதல் 15 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். இறுக்குவதற்கு டைனமோப் புல்லியின் 21 மி.மீ. நட்டைக் கழற்றி, இரண்டு பாதிகளுக்கும் நடுவிலிருக்கும் வோஷரில் ஒன்றை எடுங்கள். எடுத்ததை வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் வையுங்கள், அடுத்த முறைக்குத் தொலையாமல் இருக்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் டைனமோவின் பெயரிங் போகும். பெல்ற் அறுந்தால் முதலில் தெரிவது சூடல்ல, டைனமோவின் சிவப்பு லைற். விசிறியும் டைனமோவும் ஒரே அச்சில் இருப்பதால் அந்த லைற்தான் இந்தக் காரின் சூட்டு மணி. ஓடும்போது அது எரிந்தால் அடுத்த சந்தி வரை போய்ப் பார்ப்போம் என்று எண்ணக் கூடாது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். மேலதிகப் பெல்ற் ஒன்றும் 21 மி.மீ. ஸ்பானரும் காரிலேயே இருக்கட்டும்.

வலு கூடும் என்று சொல்லி விற்கும் சின்னக் கிராங்க் புல்லியைக் கண்டால் விலகிப் போங்கள். விசிறியை மெதுவாகச் சுழலவிட்டுத்தான் அந்த வலு மிச்சமாகிறது. அது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கும் வேலை. வழக்கமான புல்லியில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது விசிறி ஏறத்தாழ 1.8 சுற்றுச் சுற்றும். அந்த விகிதத்தை மாற்றாமல் விடுங்கள்.

இனி நம் மண்ணுக்கே உரிய தொல்லைகள். அறுவடைக் காலத்தில் வீதியோரமெல்லாம் நெல் காயும். அதன் மேலால் போகும் வாகனங்கள் கிளப்பும் பதரும் உமியும் தூசியும் காற்றோடு விசிறிக்குள் போகின்றன. ஒயில் கூலரின் தகடுகளுக்கு இடையே நெல்மணி நுழையாது, ஆனால் பதர் போய்ச் சிக்கும். அதன் மேல் கிரவல் வீதியின் செம்மண் தூசியும் ஒயில் கசிவும் சேர்ந்தால் அடை பிடித்தது போலாகிவிடும். மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற காரில் எலியும் அணிலும் விசிறிக் கூட்டுக்குள் வைக்கோலும் தும்பும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். வரித்தகடுகளுக்கு நடுவே குளவி மண்கூடு வைத்திருக்கும். நின்ற காரை ஓட எடுக்குமுன் விசிறியின் வாய்க்குள் லைற் அடித்துப் பார்ப்பது முதல் வேலை. வருடத்துக்கொரு முறை, அறுவடை முடிந்த கையோடு, கூட்டைத் தூக்கிக் கூலரைக் கழுவ வேண்டும். தேர்மோஸ்டாற்றின் கம்பியை முன்கூட்டியே விடுவித்தால்தான் கூடு மேலே வரும், இல்லாவிட்டால் கம்பி வளைந்து கதவுகள் பிறகு சரியாகத் திறக்காது. கூலரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து கொம்பிரசர் காற்றை அடியுங்கள். வரும் பக்கமிருந்தே அடித்தால் அழுக்கு இன்னும் இறுகும்.

ஒயில் கூலரைப் பற்றி இன்னொன்று. பழைய எஞ்சின்களில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, 3 ஆம் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கிறது. காரின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் இடதுபக்கத்து முன் சிலிண்டர் அது. கூலர் காற்றை மறைப்பதால் அதுவே எப்போதும் கூடச் சூடு. இந்த எஞ்சினில் எக்ஸோஸ்ற் வால்வு தலை முறிந்து பிஸ்டனைக் குத்தினால், பெரும்பாலும் அது 3 ஆம் சிலிண்டராகத்தான் இருக்கும். 1971 மொடல் முதல் கூலர் கூட்டுக்கு வெளியே தனிப் பெட்டிக்குப் போனது, விசிறியும் அகலமானது. அதை டோக்ஹவுஸ் என்பார்கள். பெருப்பித்த எஞ்சினுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரேயொரு சாமான் அழைப்பிக்கலாம் என்றால் நான் சொல்வது இதைத்தான்: டோக்ஹவுஸ் கூடு, அதற்குரிய அகல விசிறி, கூலர், கூலரைத் தாங்கும் துண்டு, கூலரைத் தாண்டிய சூட்டுக் காற்றைக் கீழே இறக்கும் தகரக் குழல். கடைசியாகச் சொன்ன குழலை மறந்துவிட்டால் கூலரின் சூடு முழுவதும் எஞ்சின் அறைக்குள்ளே கொட்டும், மாற்றியதன் பலன் பாதி போய்விடும்.

எஞ்சினைப் பெருப்பிக்கும்போது எந்தப் பிஸ்டன் செற் (பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்தது) என்பதிலேயே சூட்டின் பாதி முடிவாகிவிடுகிறது. பிஸ்டனின் குறுக்களவு 85.5 மி.மீ. என்றால் வழக்கமான 1584 சீசீ, அதாவது 1600 எஞ்சின். 87 மி.மீ. செற், சிலிண்டர்கள் உட்காரும் எஞ்சின் கூடான கிராங்க் கேஸை வெட்டாமல் அப்படியே இறங்கும். வெளி அளவை மாற்றாமல் உள் அளவை மட்டும் கூட்டியிருப்பதால் சிலிண்டர்ச் சுவர் மெல்லியது. 88 இன்னும் மெல்லியது. மெல்லிய சுவர் சூட்டில் வளையும், றிங் ஒட்டாது. 90.5க்குக் கேஸையும் ஹெட்டையும் கடைய வேண்டும், ஆனால் சுவர் தடிப்பானது. 92க்கும் கடையும் அளவு அதேதான், எனவே அது மறுபடி மெல்லியது. வன்னியில் ஓடுவதற்கு 85.5 அல்லது 90.5. நடுவிலும் மேலேயும் உள்ள அளவுகள் வேண்டாம். கடைச்சல் பட்டறைக்குப் போகும் ஹெட்டின் வரித்தகடுகளுக்கு இடையில் வார்ப்பில் மிஞ்சிய அலுமினியத் துண்டுகள் அடைத்திருக்கும். 3 மி.மீ. துரப்பணமும் மெல்லிய உருண்டை அரமும் கொண்டு காற்று வழி திறக்கும்வரை எடுங்கள். மேலிருந்து பார்த்தால் கீழே வெளிச்சம் தெரிய வேண்டும்.

அடுத்தது அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது. இதை அளக்காமல் பூட்டுவது இருட்டில் கல்லெறிவது போன்றது. 90.5 மி.மீ. பிஸ்டன் சிலிண்டருக்குள் 69 மி.மீ. தூரம் ஓடும்போது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 443.9 சீசீ. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது சிலிண்டரின் விளிம்புக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் அந்த இடம் 9.65 சீசீ. ஹெட்டின் அறையை மருந்தூசிக் குழாயால் ஒயில் விட்டு அளந்து 54 சீசீ வந்தால் இரண்டும் சேர்ந்து 63.65. 443.9 ஐயும் 63.65 ஐயும் கூட்டி 63.65 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8. இங்கே கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோலுக்கு 8க்கு மேல் போக வேண்டாம், 7.7 கிடைத்தால் நிம்மதி. அதே பிஸ்டனுக்கு ஹெட்டின் அறை 50 சீசீயாகவும் இடைவெளி 1.2 ஆகவும் இருந்தால் விகிதம் 8.7க்குப் போய்விடும். அப்போது 95 அடித்தாலும் ஏற்றுச் சுமையில் கலவை கட்டுமீறி வெடித்து எஞ்சின் தட்டும். இடைவெளியைக் கூட்டச் சிலிண்டருக்கு அடியில் போடும் ஷிம் வளையங்கள் இருக்கின்றன.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைக் கண்ணால் காணாத நாட்களில் இந்த மண்ணில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கைவண்ணத்துக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் செலவைக் குறைக்கப் பெற்றோலோடு மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் இன்றும் அங்கங்கே தொடர்வது, பெருப்பித்த காற்றுக் குளிர் எஞ்சினுக்கு நஞ்சு. ஒக்டேன் விழுகிறது, தட்டல் வருகிறது, எரியாத மண்ணெண்ணெய் சுவரால் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போல் பளபளக்கும் துகள்கள் இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

டைமிங்கைக் காதால் வைப்பவர்கள் நம்மிடையே அதிகம். காது நல்லதுதான், சூட்டுக்கு டைமிங் லைற்தான் சாட்சி. பிந்தினாலும் ஹெட் சூடாகும், முந்தினால் தட்டிப் பிஸ்டன் ஓட்டையாகும். எஞ்சினை நிமிடத்துக்கு 3000 முதல் 3500 சுற்றுக்கு ஏற்றி, டிஸ்ரிபியூட்டரில் வாக்குவம் குழாய் இருந்தால் கழற்றி அடைத்துவிட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு மொத்தமாக 28 பாகை (இது கோண அளவு) முன்னுக்குப் பொறி விழும்படி வையுங்கள். 30க்கு மேல் வேண்டாம். புல்லியில் 30 பாகைக்குக் குறி இல்லையென்றால் நீங்களே போடலாம். புல்லியின் வெளிவட்டத்தை நூலால் சுற்றி அளந்து பன்னிரண்டால் வகுங்கள். உச்சப் புள்ளிக் குறி மேலே நிற்கும்போது, பின்னாலிருந்து பார்த்து அதற்கு வலப்பக்கமாக அந்த நீளத்தில் கீறினால் அது 30 பாகை.

கலவை மெலிந்தால் சூடு. பெரிய எஞ்சினுக்குப் பழைய ஒற்றைக் காபரேற்றரை, பெற்றோலை அளந்து விடும் அதே ஜெற்றோடு போட்டால் மெலியும். இரட்டைத் துளை மனிபோல்டின் இணைப்பு இறப்பர் வெடித்தாலும் மெலியும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் மெலிவதால் எளிதில் பிடிபடாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இறப்பரில் தண்ணீரைத் தூறலாக அடித்துப் பாருங்கள். சுற்று தடுமாறினால் அங்கே காற்று இழுக்கிறது. மெயின் ஜெற்றைப் பெரிய அளவிலிருந்து தொடங்கிச் சிறிதுக்கு வாருங்கள், மறுபக்கமாகப் போகாதீர்கள். வெறுமையான நேர் வீதியில் 70இல் நாலைந்து கிலோமீற்றர் ஓடி, கிளச்சை மிதித்து எஞ்சினை நிறுத்தி, உருண்டு ஓரங்கட்டிப் பிளக்கைப் பாருங்கள். இளம் கபிலம் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் ஜெற் போதாது. பிளக்கும் ஒரு படி குளிர்ந்ததாக இருக்கட்டும். என்ஜீகேயில் எண் கூடினால் குளிர்ந்தது, பொஷ்ஷில் எண் குறைந்தால் குளிர்ந்தது. இதை மாறிப் புரிந்துகொண்டு சூட்டுப் பிளக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

ஒயில் 2.5 லீற்றர்தான். அந்த இரண்டரை லீற்றரும் எஞ்சினுக்குப் பாதிக் குளிரூட்டி. வெயில் கூட என்று தனி 50 தடிப்பு ஒயில் ஊற்றுவது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. ஒயில் தடித்து அமுக்கம் கூடினால் கேஸிலுள்ள அமுக்க வால்வு திறந்து, ஒயிலைக் கூலருக்குப் போகவிடாமல் குறுக்கு வழியால் அனுப்பிவிடும். 20டபிள்யூ-50 அல்லது தனி 30, 40 போதும். அந்த வால்வின் பிஸ்டன் சிக்கியிருந்தாலும் இதே கதைதான். கீழாலிருந்து பெரிய ஸ்குறூவைக் கழற்றிப் பிஸ்டனையும் ஸ்பிரிங்கையும் எடுத்துக் கழுவுங்கள். வடிகட்டி இல்லாத எஞ்சின் என்பதால் கிரவல் வீதியில் ஓடும் காருக்கு 3000 கி.மீ.க்கு ஒரு முறை ஒயில் மாற்ற வேண்டும், அடியிலுள்ள வலையையும் கழுவ வேண்டும். வலையின் மூடியைப் பிடிக்கும் ஆறு சின்ன நட்டுகளை மெதுவாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் மக்னீசியக் கேஸில் ஸ்ரட் ஆணி கழன்று வந்துவிடும்.

ஒயில் மாற்றும்போதே ஆறிய எஞ்சினில் வால்வு இடைவெளியை 0.15 மி.மீ.க்கு வையுங்கள். 1 ஆம் சிலிண்டரில் தொடங்கிப் புல்லியைப் பின்னோக்கி அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பினால் 2, 3, 4 என்று ஒழுங்காக வரும். 3 ஆம் எக்ஸோஸ்ற் வால்வு ஒவ்வொரு முறையும் இறுகிப் போயிருந்தால் வால்வு நீள்கிறது என்று பொருள். அந்த எழுத்தை வாசித்து, தலை முறியுமுன் ஹெட்டை இறக்க வேண்டும்.

மேலதிக ஒயில் கூலரைப் பற்றி இவ்வளவு தாமதமாக எழுதுவது வேண்டுமென்றே. பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். தகரத்தில் ஓட்டையோடு வெளிக் கூலர் பூட்டினால் ஒயில் மட்டும் கொஞ்சம் ஆறும், ஹெட் வெந்துகொண்டே இருக்கும். எல்லாம் சரிசெய்த பின்னும் ஒயில் 110 பாகையைத் தாண்டினால் பூட்டுங்கள். பம்பிலிருந்து வடிகட்டி, அங்கிருந்து கூலர், அங்கிருந்து கேஸின் முதன்மை வழி. பழைய கூலரைக் கழற்ற வேண்டாம். புதியதை விசிறியின் வாய்க்கு முன்னே மாட்டவே கூடாது, அதன் சூடு முழுவதும் சிலிண்டருக்குப் போகும். காரின் அடியில், கியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில், சொந்த மின்விசிறியோடு, கல் படாதபடி கம்பிவலை வைத்து மாட்டுங்கள். ஒயில் அடிப்பெட்டியை ஆழமாக்கும் துண்டை உள்வீதிகளில் ஓடும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குளத்துக்கட்டு வீதியின் ஒரு கல் போதும் அதைப் பிளக்க.

மானி இரண்டு போடுங்கள், ஒன்று ஒயிலுக்கு, மற்றது 3 ஆம் பிளக்குக்கு அடியில் வைக்கும் வளையத்தோடு ஹெட்டுக்கு. ஒயில் 80க்கும் 110க்கும் நடுவே இருக்கட்டும், 120இல் நிறுத்துங்கள். ஹெட் 200ஐத் தொட்டால் காலைத் தளர்த்துங்கள்.

ஓட்டும் முறையிலும் ஒன்று உண்டு. விசிறி எஞ்சினோடு சுற்றுவதால், 4 ஆம் கியரில் 50இல் ஊர்ந்தால் எஞ்சின் 1600 சுற்றுத்தான், விசிறி சோம்பிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான சோளகம் முகத்தில் அடிக்கும் மாதங்களில் ஆனையிறவிலிருந்து தெற்கே வரும்போதும், உள்வீதி மணலிலும் கிரவலிலும், 3 ஆம் கியருக்கு இறக்கினால் அதே வேகத்தில் 2300 சுற்றுக்கு மேல் வரும், காற்றும் கூடும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் நிறுத்துவோம். நீண்ட ஓட்டத்தின் முடிவில் சட்டென்று திறப்பைத் திருப்பாமல் ஒரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு விசிறி உள்ளனலை வெளியேற்றிய பிறகு நிறுத்துங்கள். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி வரும்வரை பின் மூடியைத் திறந்தே வையுங்கள். ஓடும்போது திறந்து கட்டாதீர்கள், அடியிலிருந்து தூசியும் அனலும் ஏறும்.

கொதித்த எஞ்சினுக்கு வாளித் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். றேடியேட்டர்க் கார்ப் பழக்கம் அது. சூட்டில் நிற்கும் அலுமினிய ஹெட் வால்வு இருக்கைகளுக்கும் பிளக்குக்கும் நடுவே வெடித்துவிடும். நிழலில் நிறுத்தி, மூடியைத் திறந்து, அரை மணித்தியாலம் காத்திருப்பதே வைத்தியம்.

கடைசியாக, வளவுகளில் பழைய வொக்ஸ்வாகன் கோது கிடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுக்குமுன் எஞ்சினைச் சுற்றியுள்ள கறுப்புத் தகரங்களைக் கழற்றி வையுங்கள்: விசிறிக் கூடு, இரண்டு மேல்தகரம், பின்தகரம், முன்தகரம், சிலிண்டருக்கு அடியிலிருக்கும் இரண்டு வளைவுத் துண்டு. கிலோக் கணக்கில் அவற்றுக்குச் சில நூறு ரூபாதான் வரும். அந்த அளவுக்கு ஒட்டி உட்காரும் தகரம் இன்று கடையில் கிடைப்பது அரிது. துருவேறியிருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிப் பூசலாம். பக்கத்து ஊரில் தகரம் இல்லாமல் ஓடும் ஒரு காருக்கு அவை போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
பழைய வாகனத் திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.